இருவரும் இரண்டு நாளும்

பயணம் செய்வது கிழக்கிலங்கைக் கரையோர மக்களுக்குப் புதிதன்று. திருமண வீட்டுக்குப் போவர்; மரண வீட்டுக்குப் போவர்; வைத்தியசாலைக்கும் நீதிமன்றுக்கும் போவர்; பிள்ளையைப் பல்கலைக்கழகத்திற் சேர்க்கப் போவர்; வசதி உண்டாயின் மக்காவுக்கும் போவர். இவை யாவும் காரணம் பற்றிய பயணங்கள். ஒரு கணவனும் மனைவியும், வேறு காரணம் எதுவுமின்றி, தாம் இருவருமாகவே இரண்டு நாள் வெளியே சென்று, கடலைப் பார்த்து, ஒரு நகரத்தைச் சுற்றி, வீடு திரும்புவதோ இப்பகுதியில் அரிது. அவ்வாறு போவதாகச் சொன்னால், "என்ன விசேஷம்?" என்று அயலார் கேட்பர். "ஒன்றுமில்லை" என்ற விடையை அவர்கள் நம்பமாட்டார்கள். அந்த ஒன்றுமில்லாத பயணத்தைப் பற்றியதே இன்றைய பேச்சு.

கல்முனைக் கரையோரத்தின் அமைப்பை நேயர்கள் முதலில் மனத்திற் கொள்ளுதல் நன்று. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே நெல்வயல்கள், வடமேற்கில் மட்டக்களப்பு வாவியின் தென்முனை. இவற்றிடையே ஒடுங்கிய மணல் நிலமொன்று வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் அதில் வரிசையாக அமைந்துள்ளன. முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாறி மாறி வரும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வந்து, பொத்துவிலிற் கடலோரத்தை அடைந்து, வடக்கே திரும்பி மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெரு இவ்வூர்களை ஊடறுத்துச் செல்கின்றது. தெருவிலிருந்து கிழக்கே சிறிது நேரம் நடந்தாற் கடல். ஆயினும் வீடுகள் பெரும்பாலும் தெருவைப் பார்த்தே நிற்கின்றன. கடல் மீனவருக்குத் தொழிற்களம். இளைஞருக்குப் பந்தாட்டத் திடல். பல வீட்டுப் பெண்களுக்கோ, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாகக் கொடியேற்றும் நாட்களில், கூட்டத்தோடு கூட்டமாகச் சென்று பார்த்து வரும் ஒன்று. அங்கும் கடலுக்கென்று போவாரில்லை. கொடிக்கென்று போனவிடத்திற் கடலும் இருக்கும்.

கணவனும் மனைவியும் தமக்கெனப் பயணம் போகாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிழக்குக் கரையில், முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும், தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பெண்ணுக்கு வீடு கொடுத்தல் வேண்டும். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வார். இரண்டு பெண்களைப் பெற்றவர் இரண்டு வீடு கட்டுதல் வேண்டும். மூன்று பெற்றவருக்கு மூன்று. தந்தையின் சம்பளமும் தாயின் சிறுசேமிப்பும் கல்லாகவும் சீமெந்தாகவும் ஓடாகவும் மாறிவிடுகின்றன. கடைசி மகள் தன் வீட்டிற் குடிபுகுந்த பின்னரே பெற்றோர் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்க்கின்றனர். அப்பொழுது இருவர் தலையும் நரைத்திருக்கும்.

மருதமுனையில் அத்தகைய தம்பதியர் இருவர் உளர். கணவர் சாய்ந்தமருதிற் பிறந்து, 1986ஆம் ஆண்டில் மணம் முடித்து மருதமுனைக்கு வந்தவர். அலுவலகமொன்றில் இலிகிதராய் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நெசவுக் குடும்பத்திற் பிறந்தவர். மருதமுனைக் கைத்தறிச் சேலையும் சாரமும் நாடறிந்தவை. தறியோசை கேட்டு வளர்ந்தவர் அந்த அம்மையார். மணமான புதிதில், அறுகம் குடாவுக்கு ஒரு முறை கூட்டிப் போவதாகக் கணவர் வாக்களித்திருந்தார். அது போர்க்காலம். தெருவெங்கும் சோதனைச் சாவடிகள்; பொழுது பட்ட பின்னர் எவரும் வெளியிற் செல்வதில்லை. வாக்கு வாக்காகவே நின்றது.

பின்னர் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். சுமாத்திராவின் அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலைகள் காலை ஒன்பது மணியளவில் இக்கரையை அடைந்தன. இலங்கையில் மிகுந்த உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தம்பதியரின் சீதன வீடு கரையிலிருந்து நூறு மீற்றர் தூரத்திலும் இல்லை. வீடு போயிற்று. அவ்வீட்டில் இருந்த மனைவியின் உம்மாவும் போனார். கிழக்கு மாகாணத்திற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் அப்போது விதித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதாயினும், அவர்கள் வயற்பக்கமாகச் சென்று, ஒரு துண்டுக் காணி வாங்கி, மீண்டும் அத்திவாரத்திலிருந்து தொடங்கினர். இரண்டு பெண்களுக்கும் இரண்டு வீடு கட்டி முடிக்க இருபதாண்டுகள் சென்றன.

இளையவளின் திருமணம் நிறைவேறிய பின், கணவர் பழைய வாக்கை நினைந்து ஒரு பயணத்துக்குத் திட்டமிட்டார். அவர் எழுதிய பட்டியலில் மட்டக்களப்பு நகரம் இருந்தது, கோட்டை இருந்தது, கடைத்தெரு இருந்தது, நல்ல உணவுச்சாலை ஒன்றும் இருந்தது. கடல் இல்லை. மனைவி அப்பட்டியலை இரு முறை படித்துவிட்டு, "கடல விட்டுப்போட்டு எங்க போறது?" என்று கேட்டார். கணவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "உனக்கு ஏலுமா புள்ள?" என்றார். "ஏலும்" என்றார் மனைவி. இவ்வாறு முதல் நாள் கடலுக்கும் இரண்டாம் நாள் நகரத்துக்குமென ஒதுக்கப்பட்டன.

ஆனி மாதத்து விடியற்காலையிற் புறப்பட்ட பஸ்வண்டி தெற்கே சென்றது. பொத்துவில் கல்முனையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். வழியில் காரைதீவு வந்தது. 1892ஆம் ஆண்டிலே சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் அது. ஒலுவிலில் 1995ஆம் ஆண்டு தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. அவ்வூரிலேயே 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தை அடுத்து அயற்கரையைக் கடல் அரித்து, தென்னைகளை வேரோடு சாய்த்த செய்தியையும் கணவர் சொல்லி வந்தார். அக்கரைப்பற்றைக் கடந்தபின் ஊர்கள் ஐதாயின. தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று சென்றபின் பற்றையும் மணலும் வெளியுமாய் விரிந்தன. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இருவர், அடுத்தடுத்த இருக்கையில் இவ்வளவு நேரம் வேலையின்றி அமர்ந்திருந்தது அதுவே முதல் முறை. முதல் ஒரு மணி நேரம் மக்களைப் பற்றிப் பேசினர். அதன்பின் பேரப்பிள்ளைகளைப் பற்றி. கோமாரியைக் கடந்தபோது பேசுவதற்கு அவர்களைப் பற்றியன்றி வேறொன்றும் எஞ்சியிருக்கவில்லை.

பொத்துவிலுக்குத் தெற்கே சில கிலோமீற்றரில், களப்பின் முகத்துவாரத்துக்கு அப்பால் உள்ளது உல்லை என்னும் கிராமம். அறுகம் குடா அமைந்திருப்பது அங்கேதான். அங்கிருந்த பழைய பாலத்தையும் 2004இல் அலை குலைத்தது; அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2008இற் திறக்கப்பட்டது. மே முதல் ஒக்டோபர் வரை உலகின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் இங்கு வந்து, பலகைமேல் நின்று அலையேறி விளையாடுவர். குடாவின் ஒரு கோடியில் அவர்கள் அலையை எதிர்பார்த்துக் கிடப்பர். கரையில் மீனவரின் தோணிகள் வரிசையாய் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். அலை ஒன்றே. ஒருவருக்கு அது விளையாட்டு, ஒருவருக்குத் தொழில், இன்னொருவருக்கு நினைவு.

தம்பதியர் மாலையிற் கரைக்குச் சென்றனர். மனைவி நீர் வந்து தொடும் இடத்துக்கு ஐந்தாறு முழம் இப்பால் நின்றார். கணவர் அவருக்கும் கடலுக்கும் நடுவே நின்றுகொண்டார். சிறிது நேரத்தின் பின் மனைவி அவரை விலக்கி முன்னே சென்றார். நீர் வந்து பாதத்தை நனைத்தது. காலடி மணலை அரித்துக்கொண்டு திரும்பிற்று. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பின்னர், தன் உம்மா விடியற்காலையிற் கரைவலை இழுக்குமிடத்துக்குப் போய்ச் சூடை மீன் வாங்கி வருவதையும், ஈர மணல் ஒட்டிய காலோடு குசினிக்குள் வந்து ஏச்சு வாங்குவதையும் சொல்லத் தொடங்கினார். இருபதாண்டுகளாக அந்த உம்மாவின் மரணத்தைப் பற்றி அவ்வீட்டிற் பேசியதுண்டு. அவருடைய ஈரக் காலைப் பற்றிப் பேசியதில்லை.

அன்று மாலையில் இருவரும் ஓர் உண்மையை அறிந்தனர். மனைவியாற் கடலைப் பார்க்க முடியாது என்று கணவர் இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தார். அதனால், வாகனத்திற் போகும்போதெல்லாம் கடல் தெரியாத பக்கத்திலேயே அவரை இருத்துவார். மனைவியோ வேறொன்றை எண்ணியிருந்தார். உம்மாவைத் தேடி மூன்று நாள் அக்கரையில் அலைந்தவர் கணவர். என்னென்ன கண்டார் என்று அவர் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை. அம்மனிதரைத் திரும்பவும் கடலின் முன் நிறுத்தலாகாது என்றே அவர் கடலைப் பற்றிய பேச்சை எடுக்காதிருந்தார். ஒருவருக்காக மற்றவர் கடலை மறைத்து வைத்திருந்தனர். இருவருமே அன்பினாற் செய்தது அது. ஆயினும் இருவரும் தனித்தே துயருற்றிருந்தனர். வீட்டில் இதைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. வீட்டிற் சீமெந்து விலை இருந்தது. மின்சாரப் பட்டியல் இருந்தது. பிள்ளைகளின் பரீட்சை இருந்தது. மணலில் உட்கார்ந்தபோது இவையொன்றும் இருக்கவில்லை.

துயரம் மட்டும் அங்கே நிகழ்ந்ததென்று நேயர்கள் எண்ணற்க. மறுநாட் காலையில் ஒரு மீனவர் கொண்டுவந்த சூடை மீனைக் கண்டதும், அம்மையார் பழக்கத்தினால் விலை பேசத் தொடங்கி, பாதி விலைக்குக் கொண்டுவந்தும் விட்டார். அதன் பின்னரே தங்குமிடத்தில் தமக்குக் குசினி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மீனவரும் சிரித்தார், கணவரும் சிரித்தார், விடுதிச் சமையற்காரர் அம்மீனைப் பொரித்துத் தர, புட்டோடு காலையுணவாயிற்று. தான் சமைக்காத உணவை, தனக்குப் பின்னர் உண்ண எவரும் காத்திராத வேளையில், ஆறுதலாக இருந்து உண்பதும் ஓர் இன்பமே. அவ்வின்பத்தை அறியாத தாய்மார் பலர்.

இரண்டாம் நாட் பயணம் வடக்கே. பஸ்வண்டி வந்த வழியே திரும்பி, அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை ஆகியவற்றைக் கடந்து, மருதமுனைக்குள்ளும் நுழைந்தது. தமது தெருவின் முனையில் ஒருவர் இறங்கினார், இருவர் ஏறினர். வீடு எட்டிப் பிடிக்கும் தூரம். கொடியில் உடுப்பு காயும். கோழிகள் தீன் தேடும். மகள் தொலைபேசியில் நான்கு முறை அழைத்தாயிற்று. கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்தார். இருவரும் இறங்கவில்லை. வண்டி புறப்பட்டபோது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒளித்த பிள்ளைகளைப்போல் அவர்கள் சிரித்துக்கொண்டனர்.

மட்டக்களப்பு நகரம் அவர்களுக்குப் புதிதன்று. வைத்தியசாலைக்கென்றும் அலுவலகங்களுக்கென்றும் எத்தனையோ முறை வந்திருக்கின்றனர். ஆயினும் அலுவலாக வருபவர் நகரத்தைப் பார்ப்பதில்லை. வரிசையையும் மணிக்கூட்டையுமே பார்ப்பர். அன்றுதான் அவர்கள் புளியந்தீவைச் சுற்றி நடந்தனர். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் முதலிற் கைப்பற்றிய கோட்டை அதுவே. வாவியின் நீர் சூழ அமைந்த அம்மதிலின் தடிப்பைக் கணவர் கையால் அளந்து பார்த்தார். 1814இல் இங்கு வந்து, பள்ளிக்கூடம் தொடக்கி, மறு ஆண்டிலேயே மறைந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் அவர்களின் சிலையின் முன் நின்று, ஓராண்டிலும் ஒரு மனிதன் ஒரு செயலைத் தொடக்கிவிட முடியும் என்று வியந்தார். காந்தி பூங்காவின் நிழலில் இருந்து வாவியைப் பார்த்தனர்.

கடைத்தெருவில் வழிகாட்டி மனைவியே. ஒரு புடைவைக்கடையில் சாரமொன்றை விரித்து, ஓரத்தை விரலால் நெருடி, இது தமது ஊர்த் தறியில் நெய்தது என்றார். கடைக்காரர் சிட்டையைப் பார்த்து ஆம் என்றார். கடற்கரையில் மனைவியின் மனத்தை அறிந்த கணவர், நகரத்தில் மனைவியின் அறிவை அறிந்தார். இத்தனை காலமும் அவ்வறிவு வீட்டிலேயேதான் இருந்தது. அதைக் காணுதற்கு ஒரு கடையும் சிறிது ஓய்வும் வேண்டியிருந்தன.

பொழுது சாய்கையிற் கல்லடிப் பாலத்துக்குச் சென்றனர். 1924இற் திறக்கப்பட்டு, ஆள்பதி மனிங் அவர்களின் துணைவியார் பெயர் தாங்கிய இரும்புப் பாலம் அது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டபின், பழைய பாலம் நடப்போருக்கு உரியதாயிற்று. இதன் கீழேதான், நிலாக்காலத்து அமைதியான இரவுகளில், வாவியின் அடியிலிருந்து இன்னிசை எழும் என்பர். தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். 1954இல் ஓர் அமெரிக்க இயேசு சபைத் துறவி அவ்வொலியைப் பதிவு செய்தார். பின்னர் அது வானொலியிலும் ஒலித்தது. மீன் பாடும் தேன் நாடு என்ற பெயரும் அதனால் வழங்குகின்றது. தம்பதியர் நின்றது மாலை வேளை. பாலத்தில் மக்கள் நடமாட்டம் மிகுதி. மீன் எதுவும் பாடவில்லை. ஆயினும் ஒரு மணி நேரம் அங்கே நின்றனர். இரவு வீடு சேர்ந்தபோது இருவரிடமும் எஞ்சியிருந்தது பஸ் கட்டணத்துச் சில்லறை மட்டுமே.

இத்தகைய பயணம் செல்வருக்குரிய ஆடம்பரம் அன்றோ என்று சிலர் வினவுவர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. கொழும்பிலே காலிமுகத் திடலின் கடலோர நடைபாதையை 1859ஆம் ஆண்டில் அமைத்த ஆள்பதி சேர் ஹென்றி வோர்ட், நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணுமாறு, தமக்குப் பின் வருவோரைக் கல்வெட்டில் வேண்டினார். இங்கிலாந்திலே 1841இல் இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரைக்குப் புகையிரதப் பாதை திறந்த பின்னரே எளிய குடும்பங்கள் கடலைக் காணத் தொடங்கின. சம்பளத்தோடு கூடிய விடுமுறை பற்றிய சட்டம் அந்நாட்டில் 1938இல் நிறைவேறிற்று. ஓய்வும் ஒரு தேவை என்பதை அந்நாடுகள் மெல்ல மெல்லவே அறிந்தன. கடலின் அருகே வாழ்பவருக்கு அவ்வறிவு எளிதில் வருதல் வேண்டும்.

இப்பயணத்தை மேற்கொள்ள விழைவோர்க்குச் சில சொற்கள் பயன்படும். கிழக்குக் கடல் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை பொதுவாக அமைதியாயிருக்கும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றும் மழையும் மிகும். அப்பொழுது கடலில் இறங்குதல் தகாது. ஆனி, ஆடியிற் கச்சான் காற்று வெப்பத்தோடு வீசும். ஆதலின் நண்பகலில் நிழலும், காலை மாலைகளிற் கரையும் என்று வகுத்துக்கொள்க. அலையேறுவோர் விளையாடுமிடம் நீராடுவதற்கு உகந்ததன்று. ஊரவர் குளிக்குமிடத்தை அவ்வூர் மீனவரிடம் கேட்டறிக. பொத்துவில் தொலைவு என்று எண்ணுவோர், மட்டக்களப்புக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றரில் உள்ள பாசிக்குடாவுக்குச் செல்லலாம். அங்கே நெடுந்தூரம் வரை நீர் ஆழமற்றது. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முயலாதிருத்தலே யாவற்றினும் முக்கியமானது. முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் அதுவும் ஓர் அலுவலாகிவிடும்.

கடலும் நகரமும் சேர்ந்த பயணம் ஏன் நன்று என்பதையும் ஒரு வார்த்தையிற் சொல்லலாம். கடலின் முன் பேச்சுக் குறையும். நெடுநாட் சொல்லாதது அக்குறைவில் வெளிவரும். ஆனால் அங்கேயே இருந்தால் மனம் கனத்துவிடும். நகரம் கண்ணுக்குப் புதியனவற்றைக் காட்டிப் பேச்சை மீட்டுத் தரும். நகரத்தில் மட்டும் அலைந்தாலோ பேச்சுப் பெருகி, சொல்ல வேண்டியது சொல்லாமற் போகும். ஒன்று மற்றொன்றை நிறைவு செய்கின்றது.

மருதமுனைத் தம்பதியர் வீடு திரும்பி இப்பொழுது சில மாதங்கள் ஆகின்றன. அயலவர், "என்ன விசேஷம்?" என்று கேட்டனர். "ஒன்றுமில்லை" என்றே அவர்கள் சொன்னார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அஸர்த் தொழுகைக்குப் பின்னர், இருவரும் தெருவைக் கடந்து கிழக்கே நடந்து செல்வதை ஊரவர் காண்கின்றனர். சீதன வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு தென்னையும் கிணற்றுக் கட்டின் ஒரு பாகமும் மட்டுமே உண்டு. அவர்கள் அக்கட்டில் அமர்ந்து, பொழுது படும்வரை கடலைப் பார்த்துவிட்டு வருகின்றனர். முதல் வாரத்தில் அவர்கள் மட்டுமே இருந்தனர். இப்பொழுது பேரப்பிள்ளைகளும் உடன் செல்கின்றனர். உம்மாவுடைய உம்மாவின் ஈரக் காலைப் பற்றிய கதையை அவர்களும் அறிவர்.